அம்மாவின் இரண்டு மருந்தும் மாமாவின் குளிசையும்

பிள்ளைகள், அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் இரண்டு பேரும் களுதாவளையில் சித்தி வீட்டில் இருந்தீர்கள். அங்கே யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு வந்து, இப்போது மாமாவைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறீர்கள். மாமா கொடுத்த குளிசையால்தான் அம்மா சாகக் கிடந்தா என்பது உங்கள் எண்ணம். உங்கள் அப்பா நான், பக்கத்தில் நின்றவன். அதிகம் படிக்காதவன் என்றாலும், எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தில் ஒரு வால்வு பழுதுபட்டிருந்தது. வால்வு என்றால் இரத்தத்தைப் போக விட்டு, திரும்பி வராமல் மூடிக்கொள்கிற கதவு. அந்தக் கதவில் கிருமி போய் ஒட்டிக்கொண்டது. பல்லுப் பிடுங்கிய புண் வழியாகப் போயிருக்கலாம் என்றார்கள். பின்னேரமானால் காய்ச்சல், நடுக்கம், பிறகு வியர்வை. கிருமி கதவை அரித்து முடிப்பதற்குள் அதை அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் கொழும்புக்கு அனுப்பி, நெஞ்சைத் திறந்து வால்வு மாற்ற வேண்டும். அதைத் தாங்குகிற பலம் அம்மாவின் உடம்பில் இல்லை என்று டொக்டர் என்னிடம் மறைக்காமல் சொன்னா. எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுப் பிள்ளை அவ.

பெனிசிலின் ஊசி ஏற்றினார்கள். இன்னொரு மருந்தும் சேர்த்து ஏற்றவேண்டும், ஆனால் அம்மாவின் சிறுநீரகம் களைத்திருக்கிறது, அது கொஞ்சம் தேறட்டும் என்று காத்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை.

நான் வேலை முடிந்து பின்னேரம் போவேன். மாமா மத்தியானமே ஆரையம்பதியிலிருந்து கஞ்சிப் போத்தலோடு பஸ் ஏறிவிடுவார். ஒருநாள் மழையில் என் வேலை நின்றுபோக, நானும் மத்தியானம் போனேன். டொக்டரும் கட்டிலடியில் நின்றா.

"அம்மா, ஊசியைத் தவிர வேற ஏதும் எடுக்கிறீங்களா?" என்று அவ கேட்டா.

"இல்லயே. அண்ணன் தாற குளிசை மட்டுந்தான்" என்றா அம்மா.

டொக்டர் மாமாவைப் பார்த்தா. மாமா என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கடதாசிச் சுருளை எடுத்து நீட்டினார். மாமாவைப் போல வட்டைக்குள், வயல் சேற்றில், இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க சுகாதாரப் பரிசோதகர் கொடுக்கிற டொக்சிசைக்ளின்.

"அவருக்கு மாடு இருமினாலும் எலிக்காய்ச்சல்தான் டொக்டர்" என்றா அம்மா, அந்தக் களைப்பிலும்.

"நீ சும்மா கிட கா" என்றார் மாமா. "டொக்டர், இதுவும் கிருமிக்குத்தானே? வள்ளத்தை ஒராள் தள்ளுறதை விட ரெண்டு பேர் தள்ளினா கெதியா இறங்கும் எண்டு நினைச்சன்."

டொக்டர் கோபப்படுவா என்று நினைத்தேன். அவ என் பக்கம் திரும்பி, "ஐயா என்ன தொழில்?" என்று கேட்டா.

"மேசன் வேலை, பிள்ளை."

"அப்ப உங்களுக்கு விளங்கும். இந்தக் கிருமிக்கும் சுவர் இருக்கு. அது வளரக்குள்ள சுவரைப் புதுசாக் கட்டிக் கட்டித்தான் வளரும். பெனிசிலின் அந்தக் கட்டுவேலையைக் குழப்பும். சுவர் வெடிச்சு கிருமி செத்துப்போகும். டொக்சிசைக்ளின் வேற மாதிரி. அது கிருமியை வளர விடாம நிப்பாட்டி வைக்கும்."

"அதாவது மேசனை வேலைக்குப் போக விடாம வீட்டில இருத்தி வைக்கிற மாதிரி" என்றேன்.

"ஓம். வேலையே நடக்காட்டி பெனிசிலின் எதைக் குழப்புறது?"

மாமா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நான் முன்னால நிண்டு வள்ளத்தைப் பின்னுக்குத் தள்ளியிருக்கன்."

"காய்ச்சல் இறங்காததுக்கு இதுதான் காரணம் எண்டு நான் சொல்ல மாட்டன்" என்றா டொக்டர். "வருத்தமே கடுமையானது. ஆனா இனிக் குடுக்க வேணாம்." பிறகுதான் அவவின் குரல் உயர்ந்தது. "இவவுக்குக் குடுத்திட்டு நீங்க என்னத்தைப் போட்டீங்க? ஒண்டும் போடாமலா சேத்துக்குள்ள இறங்கினீங்க?"

மாமா தன் காலைக் கட்டிலுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தனக்குத் தந்த குளிசையை விழுங்காமல், காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் நின்று, அதைத் தங்கச்சிக்குக் கொண்டு வந்திருக்கிறார். சித்தி வீட்டில் இந்தப் பகுதியை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிறுநீரகம் கொஞ்சம் தேறியதும் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டா. மற்ற மருந்து ஜென்டமைசின். அது கிருமியின் உள்ளே போனால்தான் வேலை செய்யும். சுவர் நல்லபடி இருந்தால் உள்ளே போவது கஷ்டம். பெனிசிலின் சுவரைப் பழுதாக்க, அந்த வழியால் இது உள்ளே போகும். தனியே ஒவ்வொன்றும் செய்யாததை இரண்டும் சேர்ந்து செய்யும். வெடித்த சுவருக்குள் மழைத்தண்ணீர் இறங்கி என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஜென்டமைசின் காதையும், உடம்பு சாயாமல் நிற்கிற பலத்தையும் கெடுக்கலாம். இரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்றுவோம், அப்படியும் வரலாம் என்றா.

நான் அம்மாவிடம் சொன்னேன். அவ யோசிக்கவே இல்லை.

"ஏத்தச் சொல்லுங்க. பிள்ளைகளைக் காண வேணும் எனக்கு. சுகம் வந்த மறுகா ஆடி ஆடி நடந்தா, கள்ளுக் குடிச்சவள் எண்டு ஊர் சொல்லட்டும்."

ஏற்றினார்கள். முதலில் நடுக்கம் நின்றது, பிறகு காய்ச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. மாமாவின் குளிசையை நிறுத்தியதாலா, புது மருந்து சேர்ந்ததாலா என்று டொக்டருக்கே நிச்சயமில்லை. கொழும்புப் பயணம் இல்லை என்று சொன்ன அன்று மாமா ஆஸ்பத்திரி வாசலில் நின்று என் கையைப் பிடித்தார். "மச்சான், நான் அவளுக்கு நஞ்சா குடுத்தன்?" என்று கேட்டார். இல்லை என்றேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். நல்ல மருந்தும் நல்ல மருந்தும் சேர்ந்தால் இன்னும் நல்லது என்று நானும் நினைத்திருந்தவன்தான். சில மருந்து ஒன்றுக்கு ஒன்று வழி விடும், சில ஒன்றை ஒன்று மறிக்கும். அது மருந்தின் குணம். மாமாவின் குணம் இல்லை. நாளைக்கு அவர் வந்தால் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொல்லுங்கள்.

அம்மா வீட்டுக்கு வந்தா. காது தப்பிவிட்டது. ஆனால் கண்ணை மூடினாலோ, இருட்டிலோ, உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. டொக்டர் சொன்னபடிதான். கிணற்றடிக்குப் போகும்போது விழப்பார்த்து, எனக்குக் காட்டாமல் சமாளித்ததைக் கண்டேன்.

அடுத்த நாள் நீங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டீர்கள். அம்மா நித்திரை. நான் அடுப்படி வாசலில் நின்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிணற்றடி வரை நடந்து பார்த்தேன். என் கை எங்கெங்கே பிடிமானம் தேடியதோ, அங்கெல்லாம் ஒரு தடியை ஊன்றி வைத்தேன். பிறகு தடி நின்ற இடங்களில் குழி தோண்டி, இரும்புக் குழாய் நட்டு, சீமெந்து குழைத்து ஊற்றினேன்.