விதைமூட்டைக்குப் பின்னால் சர்வர்

ஒரத்தநாடு ரோட்டில் என் மச்சானுக்கு ஒரு ரைஸ் மில் இருக்கிறது. அங்கே உள்ள கம்ப்யூட்டர்களுக்கு நான்தான் வைத்தியர். மனைவியின் அண்ணன் என்பதால் தப்பிக்க வழியில்லை.

குறுவை அறுப்புச் சமயத்தில் ஒருநாள் போன் செய்தார். "மாப்ள, அடுத்த போகம் தாளடிக்கு வச்சிருக்க விதைநெல்லு ஈரம் பட்டுடும் போலருக்கு. சர்வர் ரூம்ல அடுக்கிக்கட்டுமா? ஏசி சும்மாதான ஓடுது."

"தாராளமா அடுக்குங்க மச்சான். அந்த ரூமுக்குள்ள எனக்கு வேலையே இல்ல. சர்வர் செத்துக் கெடந்தாலும் ஆபீஸ்ல உக்காந்தே அதோட ஸ்கிரீனைப் பாப்பேன். அதுக்குன்னு தனி கேபிள் இழுத்து வச்சிருக்கேன்."

என் வாய் எப்போதும் என்னைவிட நாலு அடி முன்னால் போகும்.

மூன்றாம் நாள் காலை நல்ல மழை. கரண்ட் போய் வந்தது, சர்வர் வரவில்லை. நெல்லைக் காயவைக்கும் டிரையருக்கு எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்று உத்தரவு போடுவது அதுதான். அது சொல்லாமல் டிரையர் அசையாது. நான் மில்லுக்குப் போனபோது வாசலில் ஓர் அக்கா, டிராக்டர் டிரெய்லரில் நனைந்த நெல்லோடு நின்றார். அவருடைய மொத்தக் குறுவையும் அதுதான். தார்ப்பாயைத் தூக்கிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"முந்தாநாள் அறுத்தது தம்பி. உள்ள சுடுது. இன்னும் வச்சிருந்தா மொளைச்சிரும்."

"அஞ்சே நிமிஷம்க்கா."

ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தத் தனி கேபிளுக்கான முகவரியை அடித்தேன். பக்கம் திறந்தது. மச்சானைப் பெருமையாகப் பார்த்தேன். பக்கம் பாஸ்வேர்டு கேட்டது.

கம்பெனியிலிருந்து வந்த பாஸ்வேர்டை நான் மாற்றவே இல்லை. எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. அது ஒரு சின்ன அட்டையில் அச்சாகி சர்வரின் நெற்றியிலேயே ஒட்டியிருந்தது.

"அப்ப ஸ்கிரீனைப் பாக்கணும்னா மொதல்ல சர்வரைப் பாக்கணும். அப்படித்தான மாப்ள?" என்றார் மச்சான்.

நான் எழுந்து சர்வர் ரூமுக்கு நடந்தேன்.

அறைக் கதவைத் திறந்தால் தரையிலிருந்து மூட்டை. மழையால் லோடு ஆள்கள் யாரும் வரவில்லை. மேலே கூரைக்கும் மூட்டைக்கும் நடுவே ஒரு முழ இடைவெளி. என் வயிற்றுக்கு அது போதாது. ஏறினேன், தவழ்ந்தேன், பாதியில் சிக்கினேன்.

"மூச்சை வெளிய விடுங்க மாப்ள."

"சாப்பாட்டக் கொறச்சிருக்கலாம் தம்பி," என்றார் அக்கா.

"எங்க மச்சான் வீட்டுச் சாப்பாடுதான்க்கா."

அட்டையை எட்டியபோது கண்ணாடி ஆபீஸ் மேஜையில் இருப்பது ஞாபகம் வந்தது. எழுத்தெல்லாம் எறும்பு வரிசை. போனில் படம் எடுத்துக்கொண்டேன். திரும்ப இடமில்லை. இருவரும் ஆளுக்கொரு காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள்.

சைபரா, ஓவா என்று குழம்பி, மூன்றாவது தடவையில் பாஸ்வேர்டு சரியானது. சர்வரின் ஸ்கிரீன் தெரிந்தது. உள்ளே நேரம் காட்டும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டதாம். தொடர எஃப்-ஒன் அழுத்தவும் என்று இருந்தது. காலையிலிருந்து அது ஒரு விரலுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தது.

அழுத்தினேன்.

"இவ்ளோதானா தம்பி?" அக்கா கிண்டலாகக் கேட்கவில்லை. அதுதான் சுட்டது.

டிரையர் ஓடத் தொடங்கியது. டிரெய்லரின் அடியில் இருந்த நெல்லில் மட்டும் வெள்ளையாக முளை கட்டியிருந்தது. மூன்று மூட்டை தேறும். அக்கா அதைத் தனியாக வழித்து ஒதுக்கினார்.

"மத்தது தப்பிச்சுது. இது கோழிக்கு ஆவும்."

"அக்கா, என்னாலதான்..." என்று ஆரம்பித்தேன்.

"பேசாம இந்தச் சாக்கு வாயப் புடிங்க."

பிடித்தேன்.