ஒரே ஆள் வாங்கிய கொழுக்கட்டை

அந்தப் பட்டியலை எழுதியது நான்தான். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

1991, தை மாதம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் எனக்கு ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை. ஒரகடத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் குடியேறியிருந்தோம். நாற்பதை நெருங்கும்போது பிறந்த ஒரே மகள் அங்கே ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தாள். வகுப்புக் கூரையில் பாதி ஓடுகள் உடைந்திருந்தன. மழை வந்தால் பிள்ளைகள் சிலேட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். எந்த ஓடு எப்போது விழுமோ என்ற பயத்தில் எனக்கு வேலையே ஓடாது. பெற்றோர் கூடி ஒரு விழா நடத்திப் பணம் சேர்க்கலாம் என்றபோது முதலில் கை தூக்கியவன் நான்.

வளையம் எறிதல், பானை உடைத்தல், இசை நாற்காலி. இதோடு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு தின்பண்டம் கொண்டுவந்து மேசை போட்டு விற்பது. பெற்றோர் சங்கத் தலைவர் ஊரில் அரிசி மில் வைத்திருந்தவர். மில் ஆபீசில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சுண்டல், கேசரி, எலுமிச்சை சாதம் என்று போய்க்கொண்டிருந்தது.

"காலனிக்காரங்களுக்கு எதுக்கு சார் செலவு வைக்கணும்? கரும்பு, கொய்யாப்பழம் கொண்டாரட்டும். பாவம்" என்றார்.

எவ்வளவு இரக்கம் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். சமைத்தது எல்லாம் ஊருக்கு, சமைக்காதது எல்லாம் காலனிக்கு. என் கையெழுத்தில், கோடு போட்டு, பள்ளிச் சுவரில் ஒரு வாரம் ஒட்டியிருந்தது. நான் தினமும் அதைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

காலனியில் ஒரு பெண். தொழிற்சாலைக் கட்டடத்தில் சித்தாள் வேலை. அவளுடைய மகளும் என் மகளும் ஒரே பெஞ்சு. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு வழியில் என்னை நிறுத்தினாள்.

"சார், நான் கொழுக்கட்ட செஞ்சாறேன். எம்பொண்ணு கிளாஸ் பூரா சொல்லிகினு திரியுது, எங்கம்மா கொழுக்கட்டதான் மொதல்ல தீரும்னு."

"தாராளமா செய்யும்மா" என்றேன். கரும்பை அடித்துவிட்டுக் கொழுக்கட்டை என்று எழுதினேன். பெருமையாகக்கூட இருந்தது.

விழா அன்று மூன்றாவது மேசையில் அவள் அலுமினியக் குண்டானைத் திறந்து வைத்தாள். பொங்கலுக்கு எடுத்த ரோஸ் பாவாடையில் அந்தச் சிறுமி பக்கத்தில் நின்றாள். பக்கத்து மேசையில் சுண்டல் தீர்ந்தது. கேசரி தீர்ந்தது. மூன்றாவது மேசை வரை வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். என் மகள் ஒருத்திதான் ஒன்று வாங்கித் தின்றாள். மைக் என் கையில் இருந்தது. "சூடான கொழுக்கட்டை, மூன்றாவது மேசை" என்று மூன்று முறை சொன்னேன். சிறுமி கூட்டத்தைப் பார்ப்பதை விட்டுத் தன் காலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அப்போது மில்காரர் வந்து என் காதில் சொன்னார்: "அந்தக் கொழுக்கட்ட மொத்தமும் நான் எடுத்துக்கறேன் சார். மைக்ல சொல்லுங்க."

சொன்னேன். கைதட்டல். சிறுமி குதித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அரை மணி நேரம் கழித்து என் மகள் வந்து சட்டையை இழுத்தாள்.

"அப்பா, கொழுக்கட்டைய எல்லாம் மாட்டுக்குப் போட்டுட்டாங்க. அவ அழுவுறா."

குண்டானைத் திரும்ப வாங்கி வரப் போன சிறுமி பார்த்துவிட்டிருந்தாள். பள்ளிக்குப் பின்னால் மில்லின் மாட்டு வண்டி நின்றது. மாட்டுத் தொட்டியில், தவிட்டுத் தண்ணீரில், வெள்ளை வெள்ளையாக மிதந்தது.

மில்காரரிடம் போனேன். தொட்டியைக் காட்டி ஏன் என்று கேட்டேன்.

"இன்னா சார் இப்போ? காசு குடுத்துட்டேன்ல? அப்டியே வுட்டிருந்தா அந்தப் பொண்ணு மூஞ்சி இன்னா ஆயிருக்கும்? நல்லதுதான பண்ணேன்." பிறகு சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "எம்மாடு ஒண்ணும் வாணாம்னு சொல்லலயே!" என்றார். சிரித்தார்கள்.

இவர்களுக்குக் கொழுக்கட்டை விற்ற பணம் வேண்டியிருந்தது. அவள் மாவு பிசைந்த கை மட்டும் வேண்டாம். அதற்கு நல்ல மனசு என்று ஒரு பெயர் வேறு.

சித்தாள் பெண் காலிக் குண்டானோடு என்னிடம் வந்தாள். அழவில்லை.

"நீங்க எனக்கு ஒண்ணும் செய்ய வாணாம் சார். வித்துப்போச்சுன்னு மைக்ல சொன்னீங்க இல்ல? அத்த மாத்திச் சொல்லுங்க. எம்பொண்ணு பொய்யக் கேட்டுகினு வூட்டுக்கு வரக் கூடாது."

மகள் இதே ஊரில் படிக்க வேண்டும், இதே மில்காரர் தெருவில்தான் நாங்கள் குடியிருக்கிறோம் என்பதெல்லாம் ஒரு கணம் தலைக்குள் ஓடியது. மைக்கைப் பிடித்தேன்.

"மூன்றாவது மேசைக் கொழுக்கட்டை விற்கவில்லை. வாங்கியவர் அதை மாட்டுக்குப் போட்டுவிட்டார். இந்த ஊரில் பெரியவர்கள் யாரும் அதைத் தின்னவில்லை."

மைக்செட்காரன் மில்காரர் முகத்தைப் பார்த்து சுவிட்சை அணைத்தான்.

யாராவது சட்டையைப் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. யாருக்கும் அது செய்தியே இல்லை. அவர்களுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. இசை நாற்காலியைச் சுற்றிப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒரு தாய் கையை ஆட்டினாள். "பாட்டப் போடுங்க சார், புள்ளைங்க நிக்குது பாருங்க." என்னை அடித்திருந்தால்கூட எப்போதோ மறந்திருப்பேன். அந்தச் சாதாரணக் குரலை இன்னும் மறக்க முடியவில்லை.

சித்தாள் பெண் மகளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"சார் இன்னா சொன்னாரு? கேட்டியா?"

சிறுமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல், நான் சொன்ன மூன்று வாக்கியங்களையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

"ஆங். வா, வூட்டுக்குப் போலாம்."