விலை குறைந்த வாரம்

வீடியோ கேம் மெஷின் விற்பவனுக்கு எதிரி பக்கத்துக் கடைக்காரன் இல்லை, நினைத்த நேரத்தில் விலையைக் குறைக்கும் கம்பெனிதான். கடையில் நின்று நொந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் சிவகாசியில் காதர் பாய் கடையில் விற்பனையாளனாக இருந்தேன்.

கண்ணில் காணாத சரக்கு

பொங்கலுக்குப் புது மெஷின் வருகிறது, முன்பணம் கட்டினால்தான் கிடைக்கும் என்று தீபாவளி முடிந்ததும் போர்டு வைத்தோம். பார்க்காத பொருளுக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று எனக்குச் சந்தேகம். முதலில் வந்தவர் அச்சகம் நடத்தும் அண்ணாச்சி. விலை இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார். "மெசின் கைக்கு வந்து ஒரு மாசத்துக்குள்ள எறங்குனா யாரா இருந்தாலும் வித்தியாசத்தத் திருப்பித் தாரேன்" என்றார் பாய். எனக்குப் பகீரென்றது. அண்ணாச்சி உடனே பணத்தை எடுத்து வைத்தார்.

"தை மாசக் காலண்டருக்கு ஆடியிலேயே அட்வான்ஸ் வாங்குறவன் நான். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

வேனில் வந்தவர்கள்

பட்டாசுக் கம்பெனி வேன் ஒன்று வாசலில் நின்றது. மாரியம்மாள் தலைமையில் பெண்கள் இறங்கினார்கள். போனஸில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எல்லாருக்குமாக ஒரே ஒரு மெஷின் கேட்டார்கள். யார் வீட்டில் வைப்பீர்கள் என்று கேட்டேன்.

"வாரம் ஒரு வீடுண்ணே. பில்லுல எல்லாத்து பேரையும் போடுங்க, பின்னால சண்ட வரக்கூடாதுல்ல."

சொன்ன சொல்

பொங்கலுக்கு மெஷின் வந்தது, எல்லாரும் வாங்கிப் போனார்கள். மாதம் முடிவதற்குள் கம்பெனி விலையைக் குறைத்துவிட்டது. எல்லாருக்கும் வித்தியாசம் கொடுத்தால் கடையைப் பூட்ட வேண்டியதுதான், என் சம்பளமும் அதோடு போகும். பில்லில் அப்படி எதுவும் எழுதவில்லையே என்று பாயிடம் நைசாகச் சொன்னேன். அவர் அந்தப் பணத்தைக் கொடுக்கத் தன் பைக்கை விற்றுவிட்டு, மறுநாள் திருத்தங்கலில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்தார். எனக்கு அந்த மனுஷனைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

"ஏலே, பில்லுல இல்லாட்டி என்ன? நான் சொன்னேன்ல?"

வாங்க வந்தவர்கள்

அண்ணாச்சி வித்தியாசத்தை ஒரு ரூபாய் விடாமல் வாங்கிக்கொண்டு போனார். போச்சு, இனி வரிசையாக வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவரே தன் மச்சினனை அழைத்து வந்து இன்னொரு மெஷினுக்குச் சொல்லிவிட்டுப் போனார். "குடுத்த வாக்க காப்பாத்துற கடைய விட்டுட்டு வேற எங்கன போக?" என்றார் மச்சினனிடம்.

அடுத்து அந்த வேன் வந்தது. பாய் கொடுத்த பணத்தை மாரியம்மாள் கையில் வாங்கி, மற்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்படியே மேஜையில் வைத்தாள்.

"இத அடுத்த மெசினுக்கு அட்வான்ஸா வச்சிக்கிடுங்க பாய். ஒண்ண வச்சிக்கிட்டுப் பிள்ளைகளச் சமாளிக்க முடியல."

அந்த வாரம் எங்கள் கடையில் விலை போகாமல் கிடந்தது என் சாமர்த்தியம் ஒன்றுதான்.