பூமராங்குக்கு ஒரு முகவரி

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நான் மூன்றாம் வகுப்புப் படித்த ஆண்டில்தான் கர்மம் எனக்குப் பூமராங்காக அறிமுகமானது. புத்த சமயம் பற்றிய பாடத்தில் ஆசிரியை அந்த வளைந்த கட்டையைக் கரும்பலகையில் வரைந்து, நாம் செய்வது எறிந்தவரிடமே திரும்பி வரும் என்றார். என் பக்கத்து இருக்கைத் தோழி கையுயர்த்தினாள். வியட்நாமிலிருந்து வந்த பௌத்தக் குடும்பத்துப் பெண். தங்கள் வீட்டில் அதை விதை என்பார்களாம். மண்ணும் மழையும் வாய்த்தால் முளைக்கும். எப்போதென்று சொல்ல முடியாதாம். அதுவும் அழகுதான் என்றுவிட்டு ஆசிரியை பூமராங்குக்குத் திரும்பினார்.

எனக்கும் விதை பிடிக்கவில்லை. உவமையை நாம் அதன் உண்மைக்காக எடுத்துக்கொள்வதில்லை என்று இப்போது தோன்றுகிறது. வேலைக்கென்று ஹம்பர்க் போன அப்பா அந்தக் குளிர்காலம் முழுவதும் வரவில்லை; ஏனென்று எவரும் எனக்குச் சொல்லவுமில்லை. எனக்கு வேண்டியிருந்தது திரும்பி வருகிற ஒன்று. ஆகவே அப்பா வெளியேறிய அதே தெருக்கதவருகே மாலைதோறும் நின்று, பைகளோடு வருபவர்களுக்கு அதைத் திறந்து பிடித்தேன். நன்மையை எறிந்த இடத்துக்கே அப்பா வந்துசேர்வார் என்பது என் கணக்கு. மேல்மாடிக் கிழவர் மட்டும், "அடடே, நம் கட்டடத்துக்குக் காவற்காரி கிடைத்துவிட்டாள்!" என்று தொப்பியைத் தூக்குவார்.

வசந்தத்தில் அம்மா வேறொரு சிறிய வீடு பார்த்தார். நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"வீடு மாறினா அது எங்களைக் கண்டுபிடிக்காது, அம்மா!"

"எது பிள்ளை?"

பூமராங்கைச் சொன்னேன். அப்பாவைச் சொல்லவில்லை. அம்மா சிரித்தார்.

"எறிஞ்ச சாமானுக்காக வாடகை கட்டேலாது, குஞ்சு. வா."

புதிய வீட்டின் அழைப்புமணியில் அம்மா அப்பாவின் பெயரையே முதலில் எழுதி ஒட்டினார். "ஆம்பிளைப் பேர் இருந்தாத்தான் பாதுகாப்பு" என்றார். பூமராங்குக்கு முகவரி கிடைத்துவிட்டதென்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். பிறகு அம்மா என்னை மேலே அனுப்பிவிட்டு, கீழே நின்று பொத்தானை அழுத்தினார். கதவருகே தொங்கிய பேசியில் அவர் குரல் வந்தது.

"கேக்குதோ?"

"ஓம், கேக்குது!"

"குசினிக்கையும் கேக்குதோ?"

சமையலறைக்கு ஓடிப்போய் நின்று பார்த்து, ஓம் என்றேன்.

"இப்ப அறைக்கதவைச் சாத்திப்போட்டு, இரவு நித்திரை கொள்ளுற மாதிரிப் படுத்துப் பார். அப்பவும் கேக்குதோ?"

படுத்துக்கொண்டு காதைக் கொடுத்தேன். மணி நெடுநேரம் ஒலித்தது. புது வீட்டு மணி பழுதில்லாமல் இருக்கிறதா என்று அம்மா பார்க்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.