குனிந்தால் அடிக்கும் கரண்ட்

செருப்பு கழன்றது தெரியாமல் கடைத்தெருவிலிருந்து வீடு வரைக்கும் ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தேன். "இன்னொண்ணு எங்க புள்ள?" என்று உம்மா கேட்ட பிறகுதான் காலைப் பார்த்தேன். தார் ரோட்டுச் சூட்டில் உள்ளங்கால் கன்றிப்போயிருந்தது. வலி இல்லை. வலி இல்லையே என்ற பயமும் இல்லை. கழுவிவிட்டுச் சோறு வடிக்கப் போனேன்.

அப்போது எனக்கு வேறு நினைப்பு. கல்யாணமான நாளிலிருந்து மச்சான் துபாயில், நான் காரைக்காலில் உம்மா வீட்டில். புருஷனை நாங்கள் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். லீவில் வருவார், பெட்டியைப் பிரிப்பார், பெட்டியைக் கட்டுவார். இப்போதுதான் சம்பளம் ஏறி, எனக்கு விசா எடுக்க ஆரம்பித்திருந்தார். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. ஒரே வீட்டில் இருந்து இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதைக் கெடுக்கிற எதையும் வாய்விட்டுச் சொல்ல நான் தயாராக இல்லை.

தொழுகையில் நடந்ததையும் அதனால்தான் சொல்லவில்லை. நெற்றியைத் தரையில் வைக்கக் குனிந்ததும் பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கால்வரை கரண்ட் இறங்கியது. நிமிர்ந்தால் நின்றுவிடும். குனிந்து மீன் ஆயும்போதும் அடித்தது, அதை யார் கணக்கில் எடுத்தார்கள்? என் புத்திக்கு ஒன்றுதான் எட்டியது: அல்லா என் தொழுகையை வேண்டாம் என்கிறான். செய்த பாவம், செய்யாத பாவம் எல்லாவற்றையும் தோண்டிப் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. முட்டிவலி என்று சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு தொழுதேன்.

கால் மரத்தது மட்டும் உம்மாவுக்குத் தெரிந்துபோனது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. சத்து ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. அப்புறம் ஆளுக்கொரு காரணம். யார் கண்ணோ பட்ட கண்ணூறு என்றார்கள், உப்புக்காற்று என்றார்கள், புருஷன் பக்கத்தில் இல்லாத ஏக்கம் என்றார்கள். ஏக்கத்துக்குக் கால் மரக்குமென்றால் எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் எழுந்து நடக்கவே முடியாது. நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்று உம்மா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்தார்கள். அதையும் குடித்தேன்.

பிறகு ஒரு கண் மங்கியது. விழியை அசைத்தால் வலித்தது. அந்தக் கண்ணால் மட்டும் பார்த்தால் மிளகாய் வற்றல்கூட வெளுத்துத் தெரிந்தது. "கண்ணுல கோளாறு இல்ல, அதுக்குப் பின்னால இருக்கிற நரம்புல" என்று கண் டாக்டர் பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார். நானும் உம்மாவும் பஸ் ஏறினோம். ஊர் எல்லையில் பூவம் தாண்டுவதற்குள் உம்மா தூங்கிவிட்டார்கள்.

நரம்பு டாக்டர் சுத்தியலால் முட்டியைத் தட்டினார், உள்ளங்காலைக் கீறினார். அப்புறம், "தலையைக் குனிஞ்சா முதுகுல கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குமா?" என்றார், இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்பதுபோல. உம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். "இருக்கும்" என்றேன். "கழுத்துப் பக்கம் தண்டுவடத்துல புண் இருந்தா அப்படி அடிக்கும்" என்று எழுதிக்கொண்டார். அல்லாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வீணாக நாற்காலியில் உட்கார்ந்தேனே என்ற எரிச்சல்தான் வந்தது.

மூளைக்கும் முதுகுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பில் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுத்தார்கள். இதே மாதிரி இன்னொரு வியாதி உண்டு, அதுவா இதுவா என்று பார்க்க ரத்தமும் எடுத்தார்கள். எல்லாம் வந்த பிறகு டாக்டர் பேரைச் சொன்னார்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

"நோயை எதிர்க்க உடம்புல இருக்கிற படையே, நரம்பு மேல இருக்கிற உறையை எதிரின்னு நெனச்சு அரிச்சிடுது."

"ஏன் அப்படி?"

"முழுசா யாருக்கும் தெரியலம்மா. நீங்க செஞ்ச எதனாலயும் இல்ல."

அடியோடு போகாது, மருந்தால் அடக்கி வைக்கலாம் என்றார். உடம்பு சூடேறினால் கண்ணும் காலும் கொஞ்ச நேரம் மோசமாகும் என்றார். துபாய்க்குப் போகலாமா என்று கேட்டேன். "மருந்தை விடாம, வெயில்ல அலையாம இருந்தா போகலாம்" என்றார். உம்மா அழுதார்கள். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மச்சானை வீடியோவில் கூப்பிட்டு, பாடம் ஒப்பிப்பதுபோல எல்லாவற்றையும் சொன்னேன். போக டாக்டர் சம்மதித்ததையும் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கியது. "செலவைப் பத்தி யோசிக்காத, நான் பாத்துக்கிறேன்" என்றார். நல்ல மனுஷர், பொய் சொல்லக்கூடாது.

"அங்க சூடாச்சே. விசாவ நிறுத்திடலாமா மச்சான்?" என்றேன். சும்மாதான் கேட்டேன். கிறுக்கச்சி, இங்கே ஏசி இருக்கு, கிளம்பி வா என்று அதட்டுவார் என்று நினைத்தேன்.

நான் கேட்டு முடிக்கவில்லை. "ஆமா, அதுதான் நல்லது" என்றார். மனசிலிருந்து பாரம் இறங்கியது முகத்தில் தெரிந்தது.

நோயின் பேரைக் கேட்டபோது வராத அழுகை அப்போது வந்தது. அவர் பார்ப்பதற்குள் போனை உம்மா கையில் கொடுத்துவிட்டேன்.