அரித்த மாவு

பேக்கரியில் வேலை செய்பவனுக்கு மூச்சு முட்டினால் எல்லோரும் போறணை அடுப்பைத்தான் குற்றம் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். மாத்தளையிலிருந்து உக்குவளைக்குப் போகிற வழியில் இருக்கும் சின்ன பேக்கரி அது. மாவு குழைப்பதும் போறணையில் பாண் சுடுவதும் என் வேலை. நெஞ்சுக்குள் விசில் சத்தம் கேட்கத் தொடங்கியதும் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வெறகுப் பொகை ஒங்களுக்குச் சரிவரல்ல. இனி உள்ளுக்கு ஒக்காந்து மா அரிங்க. சம்பளத்துல கை வைக்க மாட்டேன்."

நல்ல மனுஷன். அதில் இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை. தரையில் விழுந்த பணிஸைக்கூட எடுத்து ஊதி, கோழிக்கென்று தனியாக வைப்பார். சாப்பாட்டுப் பொருளை வீசுவது அவருக்குப் பெரிய பாவம். அதனால் வண்டு விழுந்த பழைய மூட்டைகளும் குப்பைக்குப் போகாது, உள்ளறைக்குத்தான் வரும். நான் அவற்றை அரிதட்டில் அரித்து, வண்டையும் புழுவையும் ஒதுக்கிவிட்டு, புது மாவோடு கலக்கக் கொடுப்பேன். மாவு பறக்கக் கூடாதென்று ஜன்னலை மூடியே வைத்திருப்போம்.

உட்கார்ந்து செய்கிற வேலைதான். நெஞ்சுக்கு அது தெரியவில்லை. மூக்கு ஒழுகியது, கண் எரிந்தது, மத்தியானத்துக்குள் ஒரு வார்த்தை பேசவும் மூச்சு போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் சுகமாக இருக்கும், திங்கட்கிழமை பழையபடி ஆரம்பித்துவிடும்.

"லீவு நாள்ல மட்டும் நல்லா இருக்கீங்க. வேலைக்கள்ளன்னு சொல்லப் போறாங்க" என்று மனைவி கேலி செய்தாள். சிரிக்கவும் மூச்சு வேண்டுமே. மாவே ஒத்துக்கொள்ளாது என்று டொக்டர் சொல்லிவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். வேறு தொழில் எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தோடுதான் கண்டியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன்.

அங்கே இருந்த டொக்டரம்மா பேக்கரி மாவைக் கொண்டுவரச் சொன்னார். புது மாவு, நான் அரித்த மாவு, அரித்து ஒதுக்கிய கழிவு என்று தனித்தனியாகக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றையும் கரைத்து என் முன்கையில் சொட்டு வைத்து, ஊசியால் லேசாகக் குத்தினார். புது மாவு பட்ட இடம் சும்மா இருந்தது. கழிவு பட்ட இடம் நுளம்பு கடித்ததுபோல் தடித்துச் சிவந்தது. அதுவரை சரி. பக்கத்தில் நான் அரித்த மாவு பட்ட இடமும் வீங்கிக்கொண்டு வந்தது.

"இது சுத்தமான மாவு டொக்டர். நானே அரிச்சது" என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

"நீங்க பூச்சியத்தான் எடுத்தீங்க. அதோட எச்சம், ஒடைஞ்ச காலு, செட்டை எல்லாம் தூளாகி மாவோடயே கீழ விழுந்திருக்கு. அரிக்கும்போது அதத்தான் மூச்சுல இழுக்கிறீங்க. ஒங்களுக்கு ஒத்துக்காதது மாவு இல்ல, பூச்சி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புகையிலிருந்து காப்பாற்றுகிறேன் என்று அந்த மனுஷன் என்னைப் பூச்சித் தூளுக்கு நடுவில் உட்கார வைத்திருக்கிறார். நானும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அதை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பஸ்ஸில் வரும்போது உடம்பெல்லாம் ஊர்வதுபோல் இருந்தது. முதலாளியைக் கண்டபடி ஏசவேண்டும் என்ற வெறியோடுதான் பேக்கரிக்குள் நுழைந்தேன்.

கையைக் காட்டி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்கயும் போக வேணாம். பழைய மூட்டையெல்லாம் இன்னைக்கே வெளிய போட்டுருவோம்" என்றார்.

பிறகு உள்ளறைக் கதவைத் திறந்தார். உள்ளே போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"எங்க வாப்பாவுக்கும் மூச்சு முட்டு இருந்திச்சு. பொகை ஒத்துக்காதுன்னு மக்கள் நாங்கதான் அவர இந்த ரூம்ல ஒக்கார வெச்சோம். மௌத்தாகிற வரைக்கும் இங்கதான் மா அரிச்சாரு."