என் நிழல் விழுந்ததும் நேரான கோடு

ஃபில்டர் செய்கிற வேலை என்றால் மயிலாப்பூரில், "டிகாஷன் நன்னா இறங்கறதா?" என்றுதான் கேட்பார்கள். நான் செய்வது இதயத் துடிப்புக்கான ஃபில்டர். நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டை. அதற்குள் ஒரு சிப். தசை நடுக்கத்தையும் கரண்ட் இரைச்சலையும் தள்ளிவிட்டுத் துடிப்பை மட்டும் அது உள்ளே விட வேண்டும். பொத்தான் அளவு பேட்டரியில் நாள்கணக்கில் ஓட வேண்டும் என்பதால், யாருடைய ஃபில்டர் குறைவாகக் கரண்ட் குடிக்கிறதோ அவர்தான் எங்கள் உலகத்தில் ராஜா.

அடையாறில் எங்கள் ஆய்வகத்தில் ஐந்து வருஷம் நான்தான் ராஜா. பிறகு அவள் வந்தாள். சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து ஊருக்கு வெளியே மாற்றப்பட்ட குடும்பம். இரண்டு பஸ் மாறி வந்தும் எனக்கு முன்னால் மேசையில் இருப்பாள். அவள் ஃபில்டர், என்னுடையது குடிப்பதில் கால் பங்குதான் குடித்தது. எல்லோர் முன்னாலும் கைதட்டினேன். வயிறு எரிந்தது. நாலு வயது சின்னவள், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவள். அதனால் எரிச்சல் இன்னும் கூடியது.

பட்டைக்குள் ஒரு ஃபில்டருக்குத்தான் இடம். யாருடையது என்று திங்கட்கிழமை கூட்டத்தில் தீர்மானிப்பதாக இருந்தார்கள்.

சோதனைக்கு வரும் சிப்களுக்கு மூடி இருக்காது. அவள் தன்னுடையதை ஜன்னலோர மேசையில் வைத்திருந்தாள். காலை ஏழு மணிக்குத் திரையில் கோடு ஒழுங்காக ஓடும். வெயில் ஏறியதும் மேலும் கீழும் அலையும். மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டாள். எனக்கு முதல் நாளே தெரியும். இவ்வளவு சொற்பக் கரண்டில் ஓடும் திறந்த சிப்பின் மேல் வெளிச்சம் பட்டால், அந்த வெளிச்சமே கொஞ்சம் கரண்டை உண்டாக்கி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். முதல் வருஷம் நானும் இதே தப்பைச் செய்து ஒரு மாதம் அழுதிருக்கிறேன். ஒரு மூடி போதும். நான் என் வாய்க்கு மூடி போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், "ஒண்ணும் வேலைக்காவலக்கா. கரண்ட்ட நாலு மடங்கு ஏத்திடப் போறேன்" என்றாள்.

ஏற்றினால் கோடு அலையாமல் நிற்கும். ஆனால் அவளுடையதும் என்னுடையது அளவுக்கே குடிக்கும்.

"அதான் சரி" என்றேன். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"அதுக்கு முன்ன ஒரு தபா நெஜத் துடிப்புல பாத்துடறேன். உக்காருக்கா, சும்மாதானே கீற?"

என் தோளுக்குக் கீழே இரண்டு பக்கமும் வயர்களை ஒட்டினாள். திரையில் என் துடிப்பு குடிகாரன் நடையாகத் தள்ளாடியது. அதை நன்றாகப் பார்த்து ரசிக்கும் ஆசையில் முன்னால் சாய்ந்தேன். கோடு நேரானது, அதன்மேல் துடிப்புகள் வரிசையாக எழுந்தன. பின்னால் சாய்ந்தேன், மறுபடி தள்ளாடியது.

"அக்கா, முன்ன மாதிரியே குனி! உன் நெழல் சிப்பு மேல விழுது பாரு!"

அவளுக்குப் புரிந்துவிட்டது. சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்துச் சிப்பின் மேல் கவிழ்த்தாள். கோடு அதற்குப் பிறகு தள்ளாடவே இல்லை. ஒரு நிமிஷம் குதித்துவிட்டு, பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"வெளிச்சம்தான்னு உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியாதுடி."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே என் துடிப்பு தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாக, பிசிறே இல்லாமல். என் ஃபில்டர் ஒரு நாளும் இவ்வளவு சுத்தமாகக் காட்டியதில்லை. பிடிபட்ட அந்த நேரத்திலும் நான் முதலில் நினைத்தது அதைத்தான்.